பழைய பாலிசி செத்த காகிதமல்ல

நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்து, பிறகு புதுப்பிக்காமல் விட்ட காப்பீட்டு பாலிசியைக் காட்டி, இன்று மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்தம் செய்யும் செலவைக் கேட்பது அமெரிக்காவில் 1980களிலிருந்து நடந்துவருகிறது. ரசாயன ஆலைகள் கேட்டிருக்கின்றன. சலவைக் கடைகள், பெட்ரோல் பங்க்குகள், நகராட்சிகள் கேட்டிருக்கின்றன. ஒரு மாநில அரசே கேட்டிருக்கிறது. பலர் வாங்கியும் இருக்கிறார்கள். ஆனாலும் இதைப் பற்றிப் பரவலாக நிலவும் கருத்து இதற்கு எதிரானது. பாலிசி முடிந்துபோன ஒன்று; அதை விற்றவர்கள் மாசை மனத்தில் வைத்து விற்கவில்லை; விஷத்தைக் கொட்டியவன் தன் பாவத்தை இன்னொருவர் தலையில் கட்டுகிறான்; கடைசியில் பணம் போய்ச் சேருவது வக்கீல்களிடம்தான் என்பது அந்தக் கருத்து. காப்பீட்டுத் துறை இதைச் சொல்வதில் வியப்பில்லை. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று போராடும் சூழலியல் ஆர்வலர்களில் சிலரும் இதற்குத் தலையாட்டுவதுதான் வியப்பு. இந்த வாதத்தின் கண்ணிகள் ஒவ்வொன்றும் இழுத்தால் அறுபவை. ஒன்றில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது.

'முடிந்துபோன பாலிசி' என்ற பேச்சு முதலில். பொறுப்புக் காப்பீட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், கோரிக்கை எந்த ஆண்டு வருகிறதோ அந்த ஆண்டின் பாலிசி பணம் தரும். மற்றதில், சேதம் எந்த ஆண்டு நேர்ந்ததோ அந்த ஆண்டின் பாலிசி தரும். கோரிக்கை எப்போது வந்தாலும் சரி. 1986 வரை அமெரிக்க நிறுவனங்கள் எடுத்த பொதுப் பொறுப்பு பாலிசிகள் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. ஒரு லாரி மோதி ஒருவர் காலை இழக்கிறார். வழக்கு எட்டு ஆண்டு இழுக்கிறது. அதற்குள் லாரிக்காரர் மூன்று காப்பீட்டுக் கம்பெனி மாறிவிட்டார். மோதிய நாளில் யார் பிரீமியம் வாங்கியிருந்தார்களோ அவர்கள்தான் இழப்பீடு தருகிறார்கள். அந்த பாலிசி எப்போதோ காலாவதியாகிவிட்டதே என்று யாரும் கேட்பதில்லை.

மண்ணுக்குள் நடப்பதற்கும் இதே கணக்குத்தான். வேகம் மட்டும் குறைவு. உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கப் பயன்படும் ட்ரைகுளோரோஎத்திலீன் 1962இல் ஆலையின் பின்புறம் சிந்துகிறது. அது நீரைவிடக் கனமானது; மணல் வழியே இறங்கி நிலத்தடி நீருக்கு அடியில் தேங்கி, ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, நீரோட்டத்தோடு பக்கத்து நிலங்களுக்குப் போகிறது. 1990இல் யாரோ ஒருவரின் கிணற்றில் அது கண்டுபிடிக்கப்படுகிறது. கண்டுபிடித்தது 1990இல், சேதம் நேர்ந்தது 1962இலும், 1963இலும், அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டிலும். அந்தந்த ஆண்டு நடப்பில் இருந்த பாலிசிகள் எல்லாம் அந்தந்த ஆண்டுச் சேதத்தால் விழித்துக்கொள்கின்றன. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1995இல் மான்ட்ரோஸ் கெமிக்கல் வழக்கில் இதைத் தெளிவாக ஏற்றது. 1947 முதல் 1982 வரை டாரன்ஸ் நகரில் டிடிடி பூச்சிக்கொல்லி தயாரித்த நிறுவனம் அது. தொடர்ந்து நடக்கும் சேதம், தொடர்ந்து வந்த எல்லா பாலிசிகளையும் எழுப்பும் என்பது தீர்ப்பின் சாரம். நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அதற்கு முந்தைய ஆண்டே ஓவன்ஸ் இல்லினாய்ஸ் ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில் இந்த முடிவுக்கு வந்திருந்தது. ஆக, 'முடிந்துபோனது' என்பது பிரீமியம் கட்டும் காலத்துக்குத்தான் பொருந்தும். கொடுத்த வாக்குக்குப் பொருந்தாது.

பாலிசி எடுத்த கம்பெனியே இன்று இல்லையே, விற்று, பிரித்து, இணைத்துப் பெயர்கூட மாறிவிட்டதே என்பது இதன் கிளைவாதம். அனுமதியின்றி பாலிசியை வேறொருவர் பெயருக்கு மாற்றக்கூடாது என்ற ஷரத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் இதற்குத் துணைக்கு அழைப்பது வழக்கம். கலிஃபோர்னியாவில் 2003இல் ஹென்கெல் வழக்கில் அது செல்லவும் செய்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஃப்ளூர் வழக்கில் அதே நீதிமன்றம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. காரணம், யாரும் கவனிக்காமல் கிடந்த, 1872இலிருந்து தொடரும் ஒரு சட்டப் பிரிவு: இழப்பு நேர்ந்த பிறகு, அதற்கான உரிமையை மாற்றிக்கொடுப்பதைக் காப்பீட்டு நிறுவனம் தடுக்க முடியாது. சேதம் ஏற்கெனவே நடந்துவிட்டது. இனி யார் கையில் அந்த உரிமை இருந்தாலும் காப்பீட்டாளரின் சுமை கூடப்போவதில்லை. இதில் நியாயமும் தெளிவு, சட்டமும் தெளிவு. நூற்றுநாற்பது ஆண்டுகளாகப் புத்தகத்தில் இருந்த ஒரு வரியை இரு தரப்பு வக்கீல்களும் இவ்வளவு காலம் தவறவிட்டதுதான் வேடிக்கை.

அடுத்த வாதம் இதைவிடக் கனமானது. பாலிசி எழுதியவர்கள் மாசை நினைக்கவே இல்லை, அதற்குப் பிரீமியமும் வாங்கவில்லை என்பது அது. இதற்கு மறுப்பை வேறெங்கும் தேட வேண்டாம். காப்பீட்டுத் துறையின் சொந்த வரலாறே போதும்.

1966க்கு முன் இருந்த பொதுப் படிவம் 'விபத்தால் நேர்ந்த' சேதத்துக்குப் பணம் தருவதாகச் சொன்னது. விபத்து என்றால் ஒரு நொடியில் நடப்பதா, மெல்ல நடப்பதும் சேருமா என்று வழக்குகள் குவிந்தன. 1966இல் துறையின் படிவக் குழுக்கள் அந்தச் சொல்லை விட்டு 'நிகழ்வு' என்ற சொல்லைக் கொண்டுவந்தன. தீங்கான சூழ்நிலைக்கு ஆட்படுவதும் அதில் அடங்கும் என்று எழுதின. பாலிசிதாரர் எதிர்பார்க்காத, நோக்கமாகக் கொள்ளாத சேதமாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. படிப்படியாக நேரும் சேதமும் இனி அடங்கும் என்று துறையினர் அன்று கூட்டங்களிலும் கட்டுரைகளிலும் விளக்கினார்கள். போட்டி மிகுந்த சந்தையில் அது ஒரு விற்பனைச் சரக்கு. மெல்லக் கசியும் சேதம் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது என்று இன்று சொல்வது, தெரிந்தே கடையில் முன்வரிசையில் அடுக்கிய பொருளை மறுப்பதாகும்.

1967இல் டோரி கேன்யன் கப்பல் உடைந்து இங்கிலாந்துக் கரையோரம் எண்ணெய் படர்ந்தது. 1969 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா கடலில் எண்ணெய்க் கிணறு வெடித்தது. 1970இல் காப்பீட்டுத் துறை புதிய விலக்கு ஷரத்து ஒன்றை மாநிலங்களுக்கு அனுப்பியது. மாசு பரவியதால் நேரும் சேதம் விலக்கப்படும். அந்தப் பரவல் 'திடீரென்றும் விபத்தாகவும்' நேர்ந்திருந்தால் மட்டும் விலக்கு பொருந்தாது. 1973இல் இது பொதுப் படிவத்துக்குள்ளேயே நுழைந்தது. 1980களில் இதை வைத்துத்தான் காப்பீட்டு நிறுவனங்கள் கோரிக்கைகளை மறுத்தன. மெல்லக் கசிந்தது திடீர் ஆகாது, ஆகவே பணம் கிடையாது என்றன.

கேட்பதற்கு வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷரத்து ஒன்றைப் பொதுப் படிவத்தில் சேர்க்க மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலைப் பெற 1970இல் துறையின் அமைப்புகள் என்ன சொல்லின என்பது காகிதத்தில் இருக்கிறது. நடப்பு பாலிசிகளில் எதிர்பார்த்து நடக்கும் மாசுக்கு எப்படியும் பாதுகாப்பு இல்லை; புதிய ஷரத்து அதைத் தெளிவுபடுத்துகிறது, அவ்வளவே; விபத்தாக நேரும் மாசுக்குப் பாதுகாப்பு தொடரும். இதுதான் அன்றைய விளக்கம். பாதுகாப்பைப் பெருமளவு குறைக்கிறோம் என்று ஒரு சொல்கூட இல்லை. சொல்லியிருந்தால் ஆணையர்களின் அடுத்த கேள்வி, அப்படியானால் பிரீமியத்தை எவ்வளவு குறைக்கிறீர்கள் என்பதாக இருந்திருக்கும். பிரீமியம் குறையவில்லை.

1993இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் மார்ட்டன் இன்டர்நேஷனல் வழக்கில் இந்த ஆவணங்களை எல்லாம் எடுத்துவைத்துப் பார்த்தது. 'திடீர்' என்ற சொல்லுக்கு வேகம் என்ற பொருள் உண்டு என்பதை அது மறுக்கவில்லை. ஆனால் அரசிடம் ஒன்றைச் சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டு, நீதிமன்றத்தில் வேறொன்றைச் சொல்ல அனுமதிக்க முடியாது என்றது. மேற்கு வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் 1992இலும் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2001இலும் இதே தடத்தில் நின்றன. ஜார்ஜியா 1989இல் வேறு வழியில் போனது: அந்தச் சொல்லுக்கு 'எதிர்பாராத' என்ற பொருளும் அகராதியில் இருக்கிறது, இரு பொருள் தரும் சொல்லை எழுதியவருக்கு எதிராகவே படிக்க வேண்டும். மிச்சிகன், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்கள் காப்பீட்டு நிறுவனங்களின் பக்கம் தீர்ப்பளித்தன என்பதையும் சொல்லவேண்டும். அங்கே 1973க்குப் பிந்தைய பாலிசிகள் மெல்ல நேர்ந்த கசிவுக்கு உதவா. ஆனால் அந்த மாநிலங்களிலும் இந்த ஷரத்து சேர்வதற்கு முந்தைய பாலிசிகளை இது தொடாது.

1986இல் துறை மாசை முற்றிலும் விலக்கும் ஷரத்தைக் கொண்டுவந்தது. முந்தைய பாலிசிகள் மாசை ஏற்கவே இல்லை என்றால் புதிய ஷரத்துக்கு என்ன தேவை? காப்பீட்டு நிறுவனங்கள் இதற்குத் தரும் பதில், நீதிமன்றங்கள் தவறாகப் படித்ததால் மேலும் தெளிவாக்கினோம் என்பது. பதினாறு ஆண்டுகளில் ஒரே விஷயத்தை இரண்டு முறை 'தெளிவாக்க' வேண்டியிருந்தது என்றால், முதலில் எழுதியதில் என்ன இருந்தது என்பதைப் படிப்பவர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மாசை அறிந்திருந்தாலும் இப்படியொரு சட்டம் வரும் என்று அறிந்திருக்க முடியுமா என்பது இதே வாதத்தின் இன்னொரு வடிவம். நயாகரா ஃபால்ஸ் நகரின் லவ் கனாலில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1942 முதல் 1953 வரை ஏறக்குறைய 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து, மேலே மண்போட்டு, அந்த இடத்தை ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் கொடுத்தது. 1978இல் அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 1980 டிசம்பரில் சூப்பர்ஃபண்ட் எனப்படும் சட்டம் கையெழுத்தானது. அந்தச் சட்டத்தின் கீழ் தவறு செய்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை. பல பேர் கொட்டிய இடத்தில் ஒருவரிடமே முழுச் செலவையும் வாங்கலாம். சட்டம் வருவதற்கு முன் செய்தவற்றுக்கும் அது பொருந்தும். இவ்வளவு கடுமையான பொறுப்பை 1960இல் யார் கணக்குப் போட்டிருப்பார்கள் என்ற கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் பாலிசியின் வாக்கு, குறிப்பிட்ட ஒரு சட்டத்தின் கீழ் வரும் பொறுப்பைப் பற்றியதாக இல்லை. பாலிசிதாரர் இழப்பீடாகச் செலுத்தச் சட்டப்படி கடமைப்படும் எல்லாத் தொகையையும் தருகிறோம் என்பதே அதன் வாசகம். சட்டம் நாளை எப்படி மாறும் என்ற அச்சம்தான் பொறுப்புக் காப்பீடு எடுப்பவரின் அச்சம். அந்த அச்சத்துக்குத்தான் விலை வாங்கப்பட்டது. விலையைக் குறைவாகப் போட்டுவிட்டோம் என்பது வியாபாரியின் நஷ்டக் கணக்கு. அதனால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது.

அரசு சொல்லிச் சுத்தம் செய்வது 'இழப்பீடு' ஆகுமா என்றும் ஒரு சண்டை நடந்தது. கூட்டாட்சியின் எட்டாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988இல் மிசௌரி மாநில டையாக்ஸின் மாசு தொடர்பான வழக்கில் ஆகாது என்றது. 1990இல் கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் ஆகும் என்றன. பிறகு பெரும்பாலான மாநிலங்கள் அவற்றைப் பின்பற்றின. ஆகாது என்று 1994இல் சொன்ன விஸ்கான்சின் 2003இல் தன் தீர்ப்பைத் தானே ரத்து செய்தது. பக்கத்து நிலத்துக்காரர் வழக்குப் போட்டுப் பணமாக வாங்கினால் இழப்பீடு, அரசு அதே தண்ணீரைச் சுத்தம் செய்யச் சொன்னால் இழப்பீடு அல்ல என்ற வேறுபாட்டைப் பாலிசி எடுத்த சாதாரண வியாபாரி எவரும் கற்பனை செய்திருக்கமாட்டார். இந்தச் சண்டையைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இனி அறம் சார்ந்த வாதம்: மாசுபடுத்தியவர் தப்பிக்கிறார். பாதி உண்மை இருக்கும் கண்ணி இதுதான். தெரிந்தே ஆற்றில் பாதரசத்தைக் கொட்டிய ஆலைக்குக் காப்பீட்டுப் பணம் கிடைத்தால் அது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்தைத் தடுக்கும் கதவு பாலிசிக்குள்ளேயே இருக்கிறது. எதிர்பார்த்த அல்லது நோக்கமாகக் கொண்ட சேதத்துக்குப் பணம் இல்லை. மேலே சொன்ன மார்ட்டன் வழக்கே இதற்குச் சாட்சி. அந்தத் தீர்ப்பைக் காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கிடைத்த அடி என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். வழக்கின் முடிவு வேறு. நியூ ஜெர்சியின் பெரிஸ் க்ரீக் ஓடையைப் பாதரசத்தால் கெடுத்த ஆலையின் வாரிசு நிறுவனம்தான் மார்ட்டன். ஆலையை நடத்தியவர்களை அரசு பலமுறை எச்சரித்தும், தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தார்கள் என்று கண்ட நீதிமன்றம், ஷரத்து விஷயத்தில் காப்பீட்டு நிறுவனங்களைக் கண்டித்த அதே தீர்ப்பில் மார்ட்டனுக்குப் பணம் இல்லை என்று கைவிரித்தது. கொள்கை பாலிசிதாரர்கள் எல்லோருக்கும் கிடைத்தது. தெரிந்து செய்தவருக்குப் பணம் கிடைக்கவில்லை. இதைவிட நேரான பிரிப்பு வேறென்ன வேண்டும்?

எஞ்சியவர்கள் யார்? அன்று சட்டம் அனுமதித்த இடத்தில், அரசே காட்டிய இடத்தில் கொட்டியவர்கள். வேறு எவரோ கொட்டிய நிலத்தைப் பின்னால் வாங்கியவர்கள். முப்பது ஆண்டு சலவைக் கடை நடத்தி, பெர்க் என்று அவர்கள் சுருக்கி அழைக்கும் பெர்குளோரோஎத்திலீன் தரையின் விரிசல் வழியே இறங்கியதை அறியாத கடைக்காரர்கள். இப்படிப்பட்ட ஒருவரிடம் மாசுபடுத்தியவரே செலுத்தட்டும் என்றால் நடக்கப்போவது ஒன்றுதான்: அவர் திவாலாவார், மண் அப்படியே கிடக்கும். பெட்ரோலிய, ரசாயன நிறுவனங்களிடமிருந்து சூப்பர்ஃபண்டுக்கு வந்த வரி 1995 இறுதியோடு நின்று, 2021, 2022ஆம் ஆண்டுச் சட்டங்கள் வழியாகத்தான் மீண்டது. இடைப்பட்ட காலத்தில் ஆளில்லாத தளங்களின் சுமை பொதுவரிப் பணத்தின் மேல் ஏறியது. காப்பீட்டு நிறுவனம் கொடுக்காத ஒவ்வொரு டாலரையும் மாசுபடுத்தியவர் கொடுத்துவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் இந்த அறவாதம் நிற்கிறது. அந்த நம்பிக்கைக்கு நடப்பில் ஆதாரமில்லை.

காப்பீடு கிடைக்கும் என்றால் ஆலைகள் அலட்சியமாகும் என்பதும் இங்கே எடுபடாது. 1958இல் கொட்டியதை 2024இல் வரும் பணம் தூண்டியிருக்க முடியாது. இன்றைய அலட்சியத்துக்கு இன்றைய பாலிசியின் முழு விலக்கு பதில் சொல்லும்.

இந்த அறவாதத்தை மிகவும் சங்கடப்படுத்தும் தளம் ஒன்று உண்டு: கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு மாவட்டத்திலுள்ள ஸ்ட்ரிங்ஃபெல்லோ அமிலக் குழிகள். தொழிற்சாலைக் கழிவைக் கொட்ட இடம் தேடிய மாநில அரசு, 1955இல் தன் புவியியலாளரை அனுப்பி இந்தக் கல்குவாரிப் பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தது. அடியில் உறுதியான பாறை இருப்பதால் எதுவும் கசியாது என்று நினைத்தார்கள். அடியில் இருந்தது விரிசல் விட்ட பாறை. அதன் கீழே நிலத்தடி நீர். 1956 முதல் 1972 வரை 3 கோடி காலனுக்கும் மேற்பட்ட திரவக் கழிவு அங்கே கொட்டப்பட்டது. 1969இல் பெருமழையில் குழிகள் நிரம்பி வழிந்தன. 1978இல் மறுபடியும் வழிந்தன. 1998இல் கூட்டாட்சி நீதிமன்றம் தளத்தைத் தேர்ந்து வடிவமைத்த மாநில அரசையே பொறுப்பாக்கியது. செலவு 70 கோடி டாலர் வரை போகலாம் என்று அரசு கணக்கிட்டது. இந்தச் செலவுக்காகக் கலிஃபோர்னியா அரசு செய்த காரியம், 1964 முதல் 1976 வரை தான் எடுத்திருந்த பழைய பாலிசிகளை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனது. 2012இல் மாநில உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. பாலிசி நடப்பில் இருந்த காலத்தில் கொஞ்சமேனும் சேதம் நேர்ந்திருந்தால், ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் தன் வரம்பு வரை முழுச் சேதத்துக்கும் பொறுப்பு. பல ஆண்டுகளின் வரம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் கேட்கலாம். அந்தப் பணம் வராமல் போயிருந்தால் கொடுத்திருக்க வேண்டியவர்கள் கலிஃபோர்னிய வரிதாரர்கள். வக்கீல்களின் தந்திரம் என்று சொல்பவர்கள், ஒரு மாநில அரசு தன் குடிமக்களின் பணத்தைக் காக்க எடுத்த இந்த வழியையும் அதே பெயரால் அழைக்க வேண்டியிருக்கும்.

வக்கீல்களின் பங்கைப் பற்றிய வாதத்துக்குப் புள்ளிவிவரத் துணை உண்டு. 1992இல் ராண்ட் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், பார்வைக்கு எடுத்துக்கொண்ட காப்பீட்டு நிறுவனங்கள் இத்தகைய தளங்களுக்காகச் செலவிட்டதில் 88 சதவீதம் வழக்கு முதலான பரிவர்த்தனைச் செலவுகளுக்கே போனது என்று வந்தது. அன்றிலிருந்து இந்த எண் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படுகிறது. அது காட்டுவது எதை என்பதுதான் கேள்வி. அந்த 88 சதவீதம் காப்பீட்டு நிறுவனங்களின் செலவு. பாலிசிதாரருக்காக வழக்காடியதும் அதில் அடக்கம். அது பாலிசியில் வாக்களித்த சேவை. எஞ்சியதில் பெரும்பகுதி, பாலிசிதாரருக்கே எதிராக, பணம் தர முடியாது என்று வழக்காடிய செலவு. கொடுக்க மறுத்து ஆண்டுக்கணக்கில் வழக்காடியவர், வழக்குச் செலவு அதிகம், ஆகவே கோரிக்கையே தவறு என்று வாதிடுவது தலைகீழ் நியாயம். அந்த ஆய்வு 1980களின் கடைசியைப் பற்றியது என்பதும் கவனிக்கத்தக்கது. மாநிலச் சட்டங்கள் இன்னும் தெளிவாகாத காலம் அது. சட்டம் தெளிந்த மாநிலங்களில் பெரும்பாலான கோரிக்கைகள் வழக்கு முடிவதற்கு முன்பே பேசித் தீர்கின்றன.

ஆரிகன் மாநிலம் இதற்குச் சட்டத்தாலேயே வழி செய்தது. 1999இல் இயற்றி, பிறகு 2003இலும் 2013இலும் திருத்திய சட்டத்தில், சுத்திகரிப்புத் துறையின் கடிதமே வழக்குத் தொடர்ந்ததற்குச் சமம் என்றும், தொலைந்துபோன பாலிசியைத் தேடுவதில் காப்பீட்டு நிறுவனமும் ஒத்துழைக்க வேண்டும் என்றும் எழுதியது. போர்ட்லண்ட் துறைமுகத்தின் ஆற்றுப்படுகை 2000 டிசம்பரில் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்ந்தபோது, அங்கே ஆற்றங்கரையில் தொழில் செய்த சிறு நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பெரிய துணையாக நின்றது. விதி தெளிவாக இருந்தால் வக்கீலுக்கு வேலை குறையும். இது எல்லாச் சட்டத்துக்கும் பொருந்தும் பழைய உண்மை.

பழைய பாலிசிகளின் தொகை அற்பம், ஐம்பதாயிரம், ஒரு லட்சம் டாலரை வைத்து என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களும் உண்டு. இவர்கள் பெரும்பாலும் பாலிசிதாரர் தரப்பினரே, முயலாமலே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் மூன்று விஷயங்களைப் பார்ப்பதில்லை. பழைய படிவங்களில் வழக்காடும் செலவு வரம்புக்கு வெளியே. வரம்பு தீரும்வரை காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு செலவானாலும் பாலிசிதாரருக்காக வாதாட வேண்டும். மண்ணைத் துளைத்து, நீரைச் சோதித்து, எது எங்கே பரவியது என்று ஆராயும் செலவையும் சில நீதிமன்றங்கள் இதில் சேர்த்திருக்கின்றன; அந்தச் செலவு சில சமயம் சுத்திகரிப்பையே மிஞ்சும். அடுத்து, அன்றைய பாலிசிகள் பலவற்றில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் வரம்பு இருந்ததே தவிர, ஆலை வளாகத்தில் நேரும் சொத்துச் சேதத்துக்கு ஆண்டு முழுமைக்குமான உச்ச வரம்பு இருக்கவில்லை. மூன்றாவது, அடுக்குதல்: சிறு தொகைகளும் இருபது ஆண்டுக்கு இருபது பாலிசி என்றால் சிறு தொகையாக இருப்பதில்லை. அதற்கு மேலே கூடுதல் பாதுகாப்பாக எடுத்த பாலிசிகள், அவற்றில் பல லண்டன் லாய்ட்ஸ் சந்தையில் எழுதப்பட்டவை, தனியாக இருக்கும்.

இந்தக் கணக்கு எல்லா மாநிலங்களிலும் ஒன்றல்ல. மாசசூசெட்ஸ் 2009இல் பாஸ்டன் கேஸ் வழக்கிலும், நியூயார்க் 2018இல் கீஸ்பான் வழக்கிலும், சேதத்தை ஆண்டுகளுக்குப் பங்கிட வேண்டும் என்றன. நிலக்கரியிலிருந்து எரிவாயு தயாரித்த பழைய ஆலைகளின் தார்க் கழிவைப் பற்றியவை அந்த வழக்குகள். காப்பீடு இல்லாத ஆண்டுகளின் பங்கை நிறுவனமே சுமக்க வேண்டும்; அந்த ஆண்டுகளில் அத்தகைய காப்பீடு சந்தையிலேயே கிடைக்கவில்லை என்றாலும் அதே கதி என்பது நியூயார்க்கின் நிலை. மறுகோடியில் இண்டியானா. 1996இல் ஒரு பெட்ரோல் பங்க் வழக்கிலும், 2012இல் ரப்பர் ஸ்டாம்ப் தயாரித்த சிறு ஆலையின் வழக்கிலும், அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1986இன் முழு விலக்கையே தெளிவற்றது என்று ஒதுக்கியது. எது மாசு என்று பொருளைப் பெயர் சொல்லிக் குறிக்காத ஷரத்து செல்லாது என்பது அங்கே விதி. இது ஓரளவு அதிகப்படி என்றே தோன்றுகிறது. முழு விலக்கு என்று எழுதியபோது எழுதியவரும் வாங்கியவரும் அதன் பொருளை அறிந்தேதான் இருந்தார்கள். ஆனால் ஒரு மாநிலம் அதிகம் கொடுப்பதும் இன்னொன்று குறைவாகக் கொடுப்பதும், எங்கும் எதுவும் கிடையாது என்ற பொதுக் கருத்துக்கு ஆதாரமாகாது.

துறையே அழிந்துவிடும் என்ற எச்சரிக்கையும் 1990களில் பலமாக ஒலித்தது. லாய்ட்ஸ் சந்தை அப்போது பல நூறு கோடி பவுண்ட் நஷ்டத்தில் தள்ளாடியது உண்மை. அமெரிக்க ஆஸ்பெஸ்டாஸ், மாசுக் கோரிக்கைகள் அதற்கு ஒரு காரணம். 1996இல் பழைய ஆண்டுகளின் பொறுப்பை எல்லாம் ஈக்விடாஸ் என்ற தனி நிறுவனத்துக்கு மாற்றி லாய்ட்ஸ் மீண்டது. பத்தாண்டு கழித்து அந்தச் சுமையை வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்தவே குழுமம் ஏற்றுக்கொண்டது. 2010இல் சிஎன்ஏ காப்பீட்டு நிறுவனம் தன் பழைய ஆஸ்பெஸ்டாஸ், மாசுப் பொறுப்புகளை 200 கோடி டாலர் கொடுத்து அதே குழுமத்திடம் ஒப்படைத்தது. பஃபெட் தரப்பு ஏற்ற உச்ச வரம்பு 400 கோடி டாலர். நீதிமன்றத்தில் செத்த காகிதம் என்று வாதிடப்படும் பாலிசிகளுக்குச் சந்தையில் விலை இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்களின் சொந்தக் கணக்குப் புத்தகங்களில் அவற்றுக்காக ஒதுக்கிய பணம் ஆண்டுதோறும் காட்டப்படுகிறது. உயிரில்லாத ஒன்றுக்காக யாரும் 200 கோடி கொடுப்பதில்லை.

கடைசி வாதம் நடைமுறை சார்ந்தது: பாலிசியே கையில் இல்லை, எப்படிக் கேட்பது? மூலப் பத்திரம் தீயநோக்கமின்றித் தொலைந்திருந்தால் மற்ற சான்றுகளால் அதை நிறுவலாம் என்பது அமெரிக்கச் சாட்சியச் சட்டத்தின் சாதாரண விதி. மிகப் பழைய ஆவணங்களை அவற்றின் பழமையே நம்பத்தக்கதாக்கும் என்ற விதியும் உண்டு. இதற்கென்றே தொழில்முறையாகத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலையைத் துறையினர் 'காப்பீட்டுத் தொல்லியல்' என்று அழைக்கிறார்கள். பிரீமியம் கட்டிய பேரேட்டுப் பதிவு, ஏஜெண்டின் கடிதம், இயக்குநர் கூட்டக் குறிப்பு, கடன் கொடுத்த வங்கி கேட்டு வாங்கிய காப்பீட்டுச் சான்றிதழ், அரசு ஒப்பந்தம் எடுத்தபோது அலுவலகத்தில் கொடுத்த நகல், முன்பு எப்போதோ தொழிலாளி ஒருவர் தொடர்ந்த விபத்து வழக்கின் கட்டு. இவற்றில் பாலிசி எண்ணும் கம்பெனி பெயரும் ஆண்டும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வாசகங்களைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. 1966, 1973 படிவங்கள் நாடு முழுவதும் அச்சடித்த ஒரே மாதிரியானவை.

இந்தப் பழைய பாலிசிகளின் இருப்பு இனி கூடப்போவதில்லை, குறையத்தான் போகிறது. காப்பீட்டு நிறுவனங்கள் சமரசம் பேசும்போது அந்தத் தளத்துக்கு மட்டும் பணம் கொடுத்து நிறுத்துவதில்லை. இயன்றால் பாலிசியையே திரும்ப விலைக்கு வாங்கி, எதிர்காலக் கோரிக்கை எதுவும் வராதபடி முடித்துவிடுகின்றன. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களான ரிலையன்ஸ் 2001இலும் ஹோம் இன்சூரன்ஸ் 2003இலும் கலைப்பு நடவடிக்கைக்குள் போயின. கலைப்பு என்றால் கோரிக்கை பதிய ஒரு கடைசித் தேதி உண்டு, அது கடந்தால் வாசல் மூடிவிடும். அலுவலகங்கள் இடம் மாறும்போதும், வாரிசுகள் பழைய கடையைக் காலிசெய்யும்போதும் முதலில் குப்பைக்குப் போவது ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கணக்குக் கட்டுகள்தான். அமெரிக்காவில் பழைய ஆலையையோ கடையையோ நிலத்தையோ வைத்திருப்பவர், வாங்குபவர், அல்லது நகராட்சியின் ஆவண அறைக்குப் பொறுப்பானவர், 1986க்கு முந்தைய காப்பீட்டுத் தாள் எதையும், அது வெறும் பிரீமிய ரசீதாக இருந்தாலும், விஷயம் தெரிந்த ஒரு வக்கீலிடம் காட்டாமல் கிழிக்க வேண்டாம்.